மாலு யார்?

கேள்வி: இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே வந்த அந்தக் கோமாளித்தனமான பாப் பாட்டுகள் நினைவிருக்கிறதா?

பதில்: மறக்குமா! (இலங்கைக்காரர்கள் 'பொப்' என்பார்கள், அதுவே ஒரு அழகு.) எழுபதுகளில் எங்கள் வீட்டு வால்வு ரேடியோ சூடாகி வாய் திறப்பதற்குள் பாதிப் பாட்டு போய்விடும். அப்படிப் பாதியிலிருந்தே கேட்டு நான் மனப்பாடம் செய்தது இலங்கைப் பொப் பாடகர் ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி'. அதில் 'மாலு, மாலு' என்று திரும்பத் திரும்ப வரும். மாலு சுராங்கனியின் தங்கச்சி என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்கா, தங்கை இரண்டு பேரையும் ஒரே ஆள் சுற்றி வருகிறானே, இதை எப்படி ரேடியோவில் போடுகிறார்கள் என்று எனக்குப் பெரிய விசாரம். எங்கள் தெருவில் ஒரு மாலதி இருந்தாள். அவள் அம்மா வாசலில் நின்று "மாலூ" என்று கூப்பிட்டால் போதும், பையன்கள் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பாவம், அழுதே விடுவாள்.

ரொம்ப வருஷம் கழித்து, சிங்களம் தெரிந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: மாலு என்றால் மீன். சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான் கதை! 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையிலும் சுராங்கனி வந்தாள். என் காதில் இருப்பதென்னவோ கரகரப்போடு வந்த பழையவள்தான்.

கேள்வி: அதைக் கேட்டால் கால் தானாக ஆடுகிறதே, என்ன மாயம்?

பதில்: பைலா. போர்த்துக்கீசியர் வழியாக இலங்கையில் இறங்கிய ஆட்டத் தாளம். மேசையில் 'தக்கிட தக்கிட' என்று விடாமல் தட்டிப் பாருங்கள், தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். அதன்மேல் பாட்டைவிடப் பேச்சுதான் அதிகம். இன்னொரு பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யில் ஒருவன் மாமியிடம் மகள் எங்கே என்று விசாரிக்கிறான், மாமியும் சளைக்காமல் பதில் சொல்கிறார். வாசல் திண்ணைப் பேச்சுக்கு யாரோ கிட்டார் வாசித்த மாதிரி இருக்கும்.

கேள்வி: இந்தப் பாட்டுகளில் கருத்து என்று ஏதாவது உண்டா?

பதில்: ஏன் இல்லை? அதே நித்தியின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இருக்கிறதே. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அதைத் தொண்டை கிழியப் பாடியவர்கள் எல்லோரும் நேரே அங்கிருந்துதான் வந்திருந்தார்கள்.