பேரண்டத்துக்குத் தொடக்கம் உண்டா? கேள்வி பதில்

கேள்வி: தொடக்கம் உண்டா என்பது தத்துவத்தின் கேள்வி. அதில் வானியலுக்கு என்ன வேலை?

பதில்: உலகுக்குத் தொடக்கம் உண்டு, இல்லை என்ற இரண்டையுமே வாதத்தால் நிறுவிவிட முடிவதால், இது மனித அறிவின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1781இல் எழுதினார். ஆனால் அன்றாடம் நாம் காணும் இரவின் இருளே இதைப் பற்றி ஓரளவு பேசுகிறது. எல்லையற்ற வெளியில் விண்மீன்கள் காலம் காலமாக மாறாமல் ஒளிர்ந்து வந்திருந்தால், எத்திசையில் நோக்கினாலும் நம் பார்வை ஒரு விண்மீனில் போய் முடியும். வானம் முழுவதும் பகலைவிடப் பிரகாசமாக இருக்கும். அப்படி இல்லை என்பதை எந்தத் தத்துவமும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

கேள்வி: ஐன்ஸ்டைனும் மாறாத அண்டத்தைத்தான் நம்பினாரா?

பதில்: ஆம். அண்டம் நிலையானது என்ற பழைய எண்ணத்தைக் காப்பாற்றவே 1917இல் ஈர்ப்பை விளக்கும் தம் பொதுச் சார்பியல் சமன்பாட்டில் அண்டவியல் மாறிலி என்ற கூடுதல் உறுப்பைச் சேர்த்தார். அண்டம் விரியலாம் என்று 1922இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஃபிரீட்மனும் 1927இல் பெல்ஜிய இயற்பியலாளர் லெமைத்ரும் காட்டினார்கள். தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள், தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகுவதை 1929இல் அமெரிக்க வானியலாளர் ஹப்பிள் வெளியிட்டார். 1931இல் ஐன்ஸ்டைன் அந்த மாறிலியைக் கைவிட்டார்.

கேள்வி: அப்படியானால், மிக அடர்ந்த, வெப்பமான நிலையிலிருந்து அண்டம் விரிந்தது என்னும் பெருவெடிப்பு படைப்புக்குச் சான்றுதானே?

பதில்: இல்லை என்பதே என் உறுதியான கருத்து. அக்கொள்கைக்கு வித்திட்ட லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். போப் பன்னிரண்டாம் பயஸ் 1951இல் பெருவெடிப்பைப் படைப்புக்கு ஆதரவாகப் பேசியபோது மகிழ்ந்திருக்க வேண்டியவர் அவர்தான். அவரோ, தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்றார். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். 1965இல் அறிவிக்கப்பட்ட, வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு, ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டம் வெப்பமும் அடர்த்தியும் மிக்கதாக இருந்ததற்குச் சான்று. இல்லாமையிலிருந்து அது தோன்றியதற்கு அன்று. மிகத் தொடக்கக் கணத்தை எட்டும்போது பொதுச் சார்பியலின் சமன்பாடுகள் பொருளிழந்துவிடுகின்றன. அவ்விடத்தில் கடவுளை வைப்பவரும், கடவுள் இல்லை என்று அங்கிருந்து முடிவு கட்டுபவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது?

பதில்: எல்லா இடத்திலும், நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்திலும். ஏற்கெனவே இருந்த வெற்றிடத்துக்குள் பொருள்கள் சிதறவில்லை, வெளிதான் விரிந்தது. ஆகவே அதற்கு நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது.