நிருபரைக் கூப்பிடுவதற்கு முன்னால்

கேள்வி: அக்கா, ஜெயிலில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, கோர்ட்டுக்குத் துணைக்குப் போவது என்று நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து செய்துவருகிறோம். என் சித்தி மகனே படகு எஞ்சின் திருட்டு வழக்கில் 11 மாதமாக உள்ளே இருக்கிறான். முதல் வழக்கு. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் வர முடியவில்லை. ராமநாதபுரத்தில் பிரஸ் மீட் வைத்தோம். மூன்று நிருபர்கள் வந்தார்கள். கைதிகளின் உரிமைக்காகப் பெண்கள் கோரிக்கை என்று நான்கு வரி வந்தது. இலங்கை நேவி பிடித்தால் எங்கள் தெருவில் டிவி வண்டி நிற்கிறது. நம்ம ஊர் ஜெயிலில் கிடப்பவனை யாரும் கேட்பதில்லை. திருடனுக்கு வக்காலத்தா என்கிறார்கள். பத்திரிகைகளை எப்படித்தான் அணுகுவது?
- பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: தங்கச்சி, ஜாமீன் கிடைத்தும் தம்பி வர முடியவில்லை என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். செய்தி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பிரஸ் மீட்டிலும் உரிமை, சீர்திருத்தம் என்று பேசிவிட்டு அதைக் கடைசியில் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இலங்கை நேவி பிடித்த அன்று உங்கள் கரையில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். எத்தனை விசைப்படகு, படகு எண் என்ன, யார் யார், எங்கே கொண்டுபோனார்கள் என்று சங்கத்துக்காரர்கள் பட்டியல் போட்டு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார்கள். நிருபருக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருக்கும். பல வருடம் அழுது, ரோட்டில் உட்கார்ந்து உங்கள் ஊர்கள் கற்றுக்கொண்ட வேலை அது. தம்பிக்கும் அதே பட்டியலைப் போடுங்கள். என்றைக்குக் கைது, என்ன பிரிவு, என்றைக்கு ஜாமீன் உத்தரவு, எத்தனை ஜாமீன்தாரர் கேட்டார்கள், இன்றோடு எத்தனை நாள். அரைப் பக்கம் போதும்.

நான் பத்து வருடம் நிருபராக இருந்தவள். மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த உத்தரவு நகல் என்று எடுத்துக்கொண்டு எத்தனையோ அம்மாக்கள் வந்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் பிரித்துக் காட்டி மடிப்பில் எழுத்தே அழிந்திருக்கும். இரண்டு பேர் ஜாமீன் என்று அதில் இருக்கும். ஜாமீன் போடுகிறவரிடம் சொத்துக்குக் காகிதம் கேட்பார்கள். கடற்கரையில் எத்தனை வீட்டுக்குப் பட்டா இருக்கிறது? தாத்தா காலத்திலிருந்து குடியிருந்தாலும் கணக்கில் புறம்போக்கு. சொந்தக்காரர்கள் வீடும் அதே வரிசையில்தான். பட்டா இல்லாததால் ஒருவன் ஜெயிலில் இருக்கிறான் என்று எழுதினால் தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் புரியும்.

அதோடு அதிகாரியிடம் கேட்க ஒரு கேள்வியும் நிருபருக்கு வேண்டும். ஜாமீன் கிடைத்து 7 நாளுக்குள் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் இலவசச் சட்ட உதவி தருகிற மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-ல் உத்தரவிட்டது. தம்பி விஷயத்தில் தகவல் போனதா? ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை கொடுக்க 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். வருகிற எண் எதுவானாலும் செய்திதான், பூஜ்யம் என்றாலும்.

திருடனுக்கு வக்காலத்தா என்பவர்களிடம் வாதாடாதீர்கள். அவன் செய்தானா இல்லையா என்று நிருபரிடமும் பேசாதீர்கள், அது கோர்ட்டில் இருக்கிறது. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

எஞ்சின் பறிகொடுத்தவரும் உங்கள் கரைக்காரர்தான், அவர் வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். எஞ்சின் போனால் அவருக்குத் தொழிலே போச்சு. வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். வழக்கு முடியாததால் அவரும்தானே காத்துக்கிடக்கிறார், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

நான்கு வரியால் ஒன்றும் ஆகாது என்று சோர்ந்துபோகாதீர்கள். 1979 ஜனவரியில், போலீஸ் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ருஸ்தம்ஜி, விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் பீகார் சிறைகளில் கிடந்தவர்களைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். அதைப் படித்த கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது அதில்தான்.

பிரஸ் மீட் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பகுதியைப் பார்க்கிற ஒரே ஒரு நிருபரைத் தேர்ந்தெடுத்து, காகிதங்களைக் காட்டி உட்கார்ந்து பேசுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலில் செய்தி குறைவு, நிருபர் நிதானமாகக் கேட்பார். பாம்பனிலேயே கடல் ஓசை 90.4 வானொலி இருக்கிறது. ஜாமீன் பற்றி ஒரு சட்ட விழிப்புணர்வு நிகழ்ச்சி செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். வலை பின்னிக்கொண்டே கேட்பவர்களுக்கும் போய்ச் சேரும்.

பெயர், போட்டோ விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. நல்ல எண்ணத்தோடுதான் ஒரு பையனைப் பற்றி நான் எழுதினேன், போட்டோவோடு வந்தது. பின்னால் அவன் விடுதலையானான். ஆனாலும் எந்தப் படகிலும் அவனைச் சேர்க்கவில்லை. அவன் அக்காவின் கல்யாணப் பேச்சில் அந்தப் பேப்பரை எடுத்து வைத்தார்களாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் சித்தியிடம் கேளுங்கள், முடிந்தால் ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கும்போது தம்பியிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயர் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். 18 வயது ஆகாதவர் வழக்கு என்றால் அவருடைய அடையாளத்தையும், பாலியல் குற்ற வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தையும் வெளியிடவே சட்டம் இடம் தராது, உங்கள் குழுவில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது தம்பி விஷயம். 2024 ஜூலை 1-ல் நடப்புக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவுப்படி, இதற்கு முன் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் கோர்ட் அவரைச் சொந்த ஜாமீனில் விட வேண்டும். ஜாமீன்தாரர் தேவையில்லை, பட்டாவும் தேவையில்லை. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 வருடம். பெரிய பிரிவோ வேறு வழக்கோ இல்லை என்றால், அடுத்த மாதம் அவனுக்கு ஒரு வருடம் முடிகிறது. கோர்ட்டில் விண்ணப்பிக்க வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர். ஆனால் அவர் செய்வார் என்று காத்திருக்காதீர்கள். திங்கள்கிழமை காலையில் உத்தரவு நகலோடு ராமநாதபுரம் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், போக முடியாவிட்டால் 15100-க்கு போன் பண்ணுங்கள். மனு கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நிருபரை அதற்கு அப்புறம் கூப்பிடலாம்.