வாசகர் கேள்வி–பதில்: ஃபுளோரன்ஸ் பிரைஸ்

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் ஃபுளோரன்ஸ் பிரைஸின் படைப்புகள் ஒரு பாழடைந்த வீட்டில் கிடைத்தனவாமே? தம் காலத்தில் அவரை யாருமே அறிந்திருக்கவில்லையா?

பதில்: வீட்டில் கிடைத்தது உண்மை, யாரும் அறியவில்லை என்பதுதான் தவறு. 1887இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் பிறந்த பிரைஸ், பாஸ்டனின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் ஆர்கனும் பியானோவும் பயின்று 1906இல் தேர்ச்சி பெற்றார். ஊர் திரும்பி ஆசிரியையாகப் பணியாற்றிய அவர், கறுப்பினத்தவர் மீதான வன்முறை லிட்டில் ராக்கில் தலைவிரித்தாடிய 1927இல், குடும்பத்துடன் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மௌனப் படங்களுக்கு ஆர்கன் வாசித்ததும் வானொலி விளம்பரங்களுக்கு மெட்டமைத்ததும் வயிற்றுப்பாட்டுக்காக.

முதல் சிம்பொனியை எழுத அவருக்கு ஓய்வு கிடைத்ததே கால் முறிந்து கிடந்த நாட்களில்தான். மறுபடி கால் முறியும் பாக்கியம் எப்போது வாய்க்குமோ என்று ஒரு கடிதத்தில் அவரே வேடிக்கையாக எழுதினார். அந்தச் சிம்பொனி 1932இல், கறுப்பின இசையமைப்பாளர்களுக்கான வானமேக்கர் போட்டியில் 500 டாலர் முதற்பரிசை வென்றது. அடுத்த ஆண்டு ஜூன் 15 அன்று, ஃபிரெடரிக் ஸ்டாக் நடத்த, சிகாகோ சிம்பொனி இசைக்குழு அதை அரங்கேற்றியது. பெரிய அமெரிக்க இசைக்குழு ஒன்று கறுப்பினப் பெண்ணொருவரின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் முறை. கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் 1939இல் வாஷிங்டனின் லிங்கன் நினைவகத்தின் முன் பாடியபோதும், பிரைஸ் இசைவடிவம் தந்த கறுப்பின மரபுப் பக்திப் பாடல் ஒன்று இடம்பெற்றது.

ஆனால் பாராட்டு அச்சாக மாறவில்லை. பாடல்களும் பியானோ துணுக்குகளும் வெளிவந்தன. பெரிய படைப்புகள் கைப்பிரதிகளாகவே தங்கின. அச்சிட்ட இசைத்தாள் இல்லாத சிம்பொனியை எந்த இசைக்குழு தேடி வந்து வாசிக்கும்? 1943இல் பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்கு எழுதியபோது, பெண் என்பதும் கறுப்பினக் குருதி உடையவர் என்பதும் தமக்குள்ள இரு தடைகள் என்று பிரைஸ் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பலன் இல்லை. 1953இல் அவர் காலமானார்.

நீங்கள் கேட்ட வீடு, இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் ஊரில் அவர் கோடையில் தங்கிய வீடு. 2009இல் அதைச் செப்பனிட முனைந்தவர்களின் கையில் சிக்கிய தாள்களில் நான்காம் சிம்பொனியும் தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் வயலின் கன்செர்டோக்கள் இரண்டும் இருந்தன. 2018இல் ஷிர்மர் இசைப் பதிப்பு நிறுவனம் வெளியீட்டு உரிமையைப் பெற்ற பிறகே உலகெங்கும் இசைக்குழுக்கள் அவற்றை எளிதில் எடுக்க முடிந்தது.

கேட்கத் தொடங்குவதானால், முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதியான ஜூபாவை எடுங்கள். அடிமைத் தோட்டங்களில் கையாலும் தொடையாலும் தாளமிட்டு ஆடிய நடனத்தின் துள்ளல் அதில் அப்படியே கேட்கும்.