குடும்ப இணையதளம் வயதுக்குச் சான்றாகுமா?

கேள்வி: ஒரு பெரியவர் 140 ஆண்டுகள் வாழ்ந்ததாக அவருடைய பேரன்மார் நடத்தும் இணையதளத்தில் படித்தேன். புகைப்படங்களும் உள்ளன. நம்பலாமா?

பதில்: குடும்பத்தார் அவ்வாறு நம்புகிறார்கள் என்பதற்கு அத்தளம் சான்று, அவருடைய வயதுக்கு அன்று. சொந்த ஊர், தொழில் போன்ற எளிய செய்திகளை அங்கிருந்து எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் வெளியாகும் 140 என்ற எண்ணை அப்படி ஏற்க இயலாது.

ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட ஆயுள், பிரான்சின் ஆர்ல் நகரில் 1875இல் பிறந்து 1997இல் மறைந்த ழான் கால்மோன் அம்மையாருடையது: 122 ஆண்டுகள், 164 நாட்கள். பிறப்புப் பதிவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் துணைநின்றபோதிலும், 1934இல் இறந்தவர் மகள் அல்லர், கால்மோனே; அதன்பின் தாயின் பெயரில் வாழ்ந்தவர் மகளே என்று 2018இல் சிலர் ஐயம் எழுப்ப, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆவணங்களைக் கொண்டே அதை மறுத்தார்கள்.

ஜப்பானின் ஷிகெச்சியோ இசுமி 120 வயதில் 1986இல் மறைந்ததாக கின்னஸ் நூலே ஏற்றிருந்தது. இளமையில் இறந்த அண்ணனின் பெயரைத் தம்பிக்குச் சூட்டியதால் பதிவு அண்ணனுடையதாக இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தபின், அந்த ஏற்பு திரும்பப் பெறப்பட்டது. பெரியவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் நம் வீடுகளிலும் இந்தக் குழப்பம் நேரக்கூடியதே.

புகைப்படம் முதுமையைக் காட்டும், பிறந்த ஆண்டைக் காட்டாது. ஆகவே அந்தப் பெரியவர் சிறுவராகவோ இளைஞராகவோ இருந்த காலத்திலேயே எழுதப்பட்ட பதிவு உண்டா, அதே பெயரில் வேறொருவர் குடும்பத்தில் இருந்தாரா, அவருடைய கடைசிக் குழந்தை எந்த ஆண்டு பிறந்தது என்று தளத்தாரிடம் மரியாதையுடன் கேளுங்கள். விடை வரும்வரை, பிறரிடம் சொல்லும்போது “குடும்பத்தார் கூறுகிறார்கள்” என்று சேர்த்தே சொல்லுங்கள்.