கைவிடப்பட்ட நிலத்தடி நிலையங்களைப் பூங்காவாக மாற்ற முடியுமா?

நகரங்களுக்கு அடியில் பயனற்றுக் கிடக்கும் ரயில், டிராம் நிலையங்களைப் பொதுப் பூங்காக்களாக மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவருமா, நம் ஊர்களில் அதற்கு இடமுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் நாற்றுப்பண்ணை வைத்து, பெரும்பாலும் நிழலில் வளரும் செடிகளையே விற்றுவருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். செடிகளை எப்படியும் வளர்த்துவிடலாம். கட்டுவதற்கும் பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்ற இடத்தில்தான் இத்தகைய திட்டங்கள் தடுமாறுகின்றன என்பது என் கருத்து.

இவ்வகையில் அதிகம் பேசப்பட்டது நியூயார்க்கின் லோலைன் திட்டம். மன்ஹாட்டனில் டிலான்சி தெருவுக்கு அடியில், வில்லியம்ஸ்பர்க் பாலத்தைக் கடந்துவந்த டிராம்களுக்காக 1908-இல் ஒரு முனையம் திறக்கப்பட்டது (நம் மலை ரயில் உதகமண்டலத்தை எட்டியதும் அதே ஆண்டில்தான்). 1948-இல் டிராம்கள் நின்றபின், ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் அப்படியே விடப்பட்டது. ஜேம்ஸ் ராம்சி, டான் பராஷ் ஆகிய இருவரும் 2011-இல் அதைப் பூங்காவாக்கும் யோசனையை முன்வைத்தனர். தரைக்கு மேலே அமையும் கருவிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி வெயிலைக் குவிக்கும். குவிந்த ஒளி லென்சுகளும் ஆடிகளும் பொருத்திய குழாய்கள் வழியே கீழிறங்கி, உலோகத் தகடுகளாலான விதானத்தில் பட்டு இடமெங்கும் பரவும். 2015 அக்டோபர் முதல் 2017-இன் தொடக்கம் வரை அருகிலிருந்த பழைய சந்தைக் கட்டடம் ஒன்றில் இதற்கு மாதிரி அமைத்து, பாசி, பெரணி, புதினா முதல் அன்னாசி வரை வளர்த்துக் காட்டினார்கள்.

வெளிச்சத்தின் அளவை நம் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், உச்சி வெயில் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். நன்றாக விளக்கெரியும் அலுவலக அறையோ 500 லக்ஸ் அளவில்தான் இருக்கும். கண் இரண்டுக்கும் பழகிக்கொள்வதால் அறையும் நமக்கு வெளிச்சமாகவே தெரிகிறது. செடி அப்படிப் பழகுவதில்லை. எங்கள் பண்ணையில் வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் நிழல்வலைக்குக் கீழே செழித்து நிற்கும் பெரணித் தொட்டியை வரவேற்பறை மூலைக்கு மாற்றினால், புதிதாக வரும் இலைகள் காம்பு நீண்டு, வெளிறி, சன்னல் பக்கமாகச் சாயத் தொடங்கிவிடும். மலை ரயில் பாதையில் 16 சுரங்கங்கள் உள்ளன. அவற்றின் வாயிலைக் கவனித்துப் பார்த்தால், கற்களின் இடுக்கில் பெரணியும் அதற்குச் சற்று உள்ளே பாசியும் படர்ந்திருக்க, அதற்கப்பால் ஈரம் சொட்டும் வெறும் பாறைதான் இருக்கும். ஈரத்துக்குக் குறைவில்லாத இடத்திலும் ஒளி தீரும் இடத்தோடு பச்சை நின்றுவிடுகிறது.

வெயிலைக் குவிக்கும் கருவிகளுக்கு நேரடி வெயில் தேவை. மேகத்தில் சிதறிவரும் ஒளியை லென்சாலும் ஆடியாலும் குவிக்க இயலாது. தென் கொரியத் தலைநகர் சோலின் ஜொங்காக் சுரங்க ரயில் நிலையத்தில் 2019-இல் இதே வகைத் தொழில்நுட்பத்தில் ஒரு தோட்டம் திறந்தபோது, மேகமூட்டமான நாட்களில் எல்.ஈ.டி. விளக்குகள் தாமாகவே எரியும்படி அமைத்திருந்தார்கள். அது நாள்தோறும் மக்கள் நடக்கும் பாதை. மின்சாரம், காவல், துப்புரவு எல்லாம் நிலையத்தோடு ஏற்கெனவே இருந்தவை. லோலைனுக்கு இவை அனைத்தையும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. செலவு சுமார் 8 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. 2016-இல் நகர நிர்வாகம் நிபந்தனைகளோடு ஒப்புதல் அளித்து, முதற்கட்டமாக 1 கோடி டாலர் திரட்டச் சொன்னது. போதிய நிதி சேராததால் 2020-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. மாதிரியில் அன்னாசி காய்த்ததைப் பற்றி எழுதியவர்கள், காற்றோட்டம், வடிகால், தீப்பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஆகும் தொகையைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை என்பது என் குறை.

நம் மலையில் இதற்கு அவசியமில்லை என்றே நினைக்கிறேன். கைவிடப்பட்ட நிலத்தடி நிலையம் எதுவும் இங்கே இல்லை. பனிமூட்டமும் இரு பருவமழைகளும் சேர்ந்து வெயிலை அடிக்கடி மறைத்துவிடும். மண்ணைக் குடைவதை எண்ணினாலே அச்சமாக இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. தவிரவும், 1848-இல் தொடங்கிய உதகை தாவரவியல் பூங்காவும் 1874-இல் குன்னூரில் அமைந்த சிம்ஸ் பூங்காவும் நமக்கு இருக்கின்றன.

சமவெளி நகரங்களில் ஆள் நடமாட்டம் குறைந்துபோன பாதசாரிச் சுரங்கப்பாதைகளில் வேண்டுமானால் சிறிய அளவில் முயன்று பார்க்கலாம். அங்கே வெயில் குழாய்களுக்குச் செலவிடாமல் எல்.ஈ.டி. விளக்குகளையே நம்பலாம். ஆனால் முதல் பணம் மழைநீர் வடிகாலுக்கும் நீரிறைக்கும் மோட்டாருக்கும் போக வேண்டும், ஏனெனில் ஒரே இரவு தேங்கும் சாக்கடை கலந்த நீர் தொட்டி மண்ணைக் கெடுத்துவிடும். செடிகளில் பெரணி, மணிபிளான்ட், ஸ்பாத்திஃபில்லம் (பீஸ் லில்லி) ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வேன். ரோஜா போன்ற பூச்செடிகளை வைத்தால் மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவை எந்த நகராட்சியும் இரண்டாம் ஆண்டு ஒப்புக்கொள்ளாது.