பாலைவனப் பாறைப் பிளவுகளும் நகரி மலைக் கோனாக்களும்: வாசகர் கேள்வி – பதில்

பாறைகளையும் மலைநடையையும் பற்றி ஆந்திர எல்லைப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் வசிக்கும் என் மகள் ஆன்டிலோப் கேன்யன் என்னும் இடத்தின் படங்களை அனுப்பியிருந்தாள். சில இடங்களில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியுமாம். மழையே இல்லாத பாலைவனத்தில் பாறையை இப்படி அலை அலையாகச் செதுக்கியது எது? காற்றா? எங்கள் நகரி மலையும் பாறைதானே, அங்கே ஏன் இப்படி ஒன்று உருவாகவில்லை?
*– ஒரு வாசகர், நகரி*

செதுக்கியது தண்ணீர்தான். காற்றுக்கு அதில் சிறு பங்கே உண்டு. பாலைவனத்தில் மழை அரிது என்பது உண்மை. ஆனால் பெய்யும்போது ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. நீரை உறிஞ்ச ஆழமான மண்ணோ, தடுத்து நிறுத்தப் புல் பூண்டோ இல்லாத வெற்றுப் பாறையின் மேல் விழுந்த மழை அப்படியே வழிந்து, பாறையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விரிசலை நோக்கித் திரள்கிறது. அந்த வெள்ளம் வாரிக்கொண்டு வரும் மணலும் சரளைக் கற்களும்தான் உண்மையான உளி. அவை விரிசலின் அடியை அறுத்து அறுத்து ஆழமாக்குகின்றன; சுழலும் இடங்களில் குழி தோண்டிச் சுவர்களை வளைவாக மெருகிடுகின்றன. பக்கச் சுவர்களைச் சிதைத்து அகலப்படுத்தும் தொடர்மழையும் மரவேர்களும் அங்கே குறைவு என்பதால், ஆழம் கூடிக்கொண்டே போகிறது, அகலம் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்லாட் கேன்யன் என்று மலையேறிகள் குறிப்பிடும் குறுகிய பிளவுகள் எல்லாம் பெரும்பாலும் இவ்வாறு பிறந்தவையே.

பாறையின் குணமும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். தங்கள் மகள் பார்த்தது நவஹோ மணற்கல். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகி உண்டான கல் அது. படத்தில் சுவர் நெடுகச் சாய்வாக ஓடும் கோடுகள், அந்தப் பழைய மணல்மேடுகளின் சரிவுகளே. நிறம் இரும்பு ஆக்சைடு தந்தது. மணிகளை ஒட்டவைத்திருக்கும் பசை வலுவற்றது என்பதால் வெள்ளத்துக்கு அந்தக் கல் எளிதில் இணங்குகிறது.

நகரி மலையும் ஒரு காலத்தில் மணலாக இருந்ததுதான். ஆனால் அது 150 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. மணிகளுக்கு இடையில் சிலிக்கா புகுந்து இறுகி, குவார்ட்சைட் என்னும் கடுங்கல்லாகிவிட்டது. அதை நீர் அரிப்பது மிக மெதுவாகவே நடக்கிறது. மாறாக, செங்குத்து விரிசல்கள் வழியே பருவமழையும் வேர்களும் புகுந்து, பெரும் பெரும் பாளங்களாகப் பெயர்த்துத் தள்ளுகின்றன. அதனால்தான் நமக்குக் குறுகிய பிளவுகளுக்குப் பதிலாக, கடலில் வந்த மாலுமிகளுக்கே அடையாளமாக இருந்த நகரி மூக்கு போன்ற செங்குத்து முகடுகளும், கைலாசகோனா, சதாசிவகோனா போன்ற அருவிப் பள்ளங்களும் வாய்த்தன. அவை எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல என்பது என் திடமான கருத்து.

என் மகன் ஆகஸ்டு மாதத்தில் நண்பர்களுடன் யூட்டா மாநிலத்துப் பாறைப் பிளவுகளில் நடக்கப் போகிறானாம். "போகிற இடத்தில் மழை இல்லை என்று செல்போன் காட்டுகிறது, பயப்படாதேம்மா" என்கிறான். பயப்படாமல் இருக்கலாமா?
*– ஒரு வாசகி, புத்தூர்*

அம்மா, தங்கள் கவலை நியாயமானது. அவர் பார்க்க வேண்டியது போகிற இடத்தின் வானத்தை மட்டும் அன்று. அந்தப் பிளவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த மேட்டுநிலம் முழுவதன் வானத்தையும் பார்க்க வேண்டும். பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை, இங்கே வெயில் காயும்போதே வெள்ளமாக வந்து சேரும். 1997 ஆகஸ்டு 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் இதுதான் நடந்தது. மழை கொட்டியது மேல்பகுதியில். பிளவுக்குள் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகளில் 11 பேர் உயிரிழந்தார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில், முறையாக அனுமதிச் சீட்டு பெற்று இறங்கிய ஏழு பேரும் வெள்ளத்தில் மாண்டார்கள். அனுமதிச் சீட்டு பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது என்பதைத் தங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அந்த வட்டாரத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம். பிற்பகலில் மேகம் திரண்டு கொட்டுவது வழக்கம். ஆகவே ஆகஸ்டு பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால் அதுவே முதல் யோசனை. முடியாதென்றால், சயான் பூங்காவில் அன்றன்றைய வெள்ள அபாயம் "எதிர்பார்க்கப்படவில்லை, நேரலாம், நேர வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கப்படுகிறது" என்னும் பொருளில் நான்கு படிகளாக அறிவிக்கப்படுகிறது. முதல் படி தவிர வேறு எது இருந்தாலும் குறுகிய பிளவுக்குள் இறங்கக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்டிலோப் கேன்யன் நவஹோ பழங்குடியினரின் நிலம். அங்கே அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பக்ஸ்கின் கல்ச் போன்ற இடங்களில் அனுமதிச் சீட்டுடன் தாமாகவே நடக்கிறார்கள். அது 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பிளவு. உள்ளே நுழைந்த பிறகு இடையில் ஏறித் தப்ப வழி அரிது.

நடக்கும்போது தலைக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சுவர்களுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே, ஒரு முழு மரத்துண்டு குறுக்காகச் செருகி நிற்கும். அதில் காய்ந்த சேறும் புல்லும் ஒட்டியிருக்கும். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது முந்தைய வெள்ளம். அந்த உயரம் வரை தண்ணீர் வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, தொலைவில் இரைச்சல் எழுவது ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் உயரமான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஓடி முந்திவிடலாம் என்று எண்ணவே கூடாது.

குவைத்தில் வேலை செய்யும் என் தம்பி விடுமுறைக்கு ஜோர்டான் போய் பெட்ராவைப் பார்க்க விரும்புகிறான். அங்கே ஒரு பாறை இடுக்கு வழியாகத்தான் நகரத்துக்குள் போக வேண்டுமாமே?
*– ஒரு வாசகர், சூளூர்ப்பேட்டை*

ஆம், அதன் பெயர் சிக். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளம். அமெரிக்கப் பிளவுகளைப் போல அது நீரால் மட்டும் உண்டானதன்று. நிலத்தின் அசைவால் பாறையே பிளந்து, பின்னர் வெள்ளம் அதை மெருகிட்டது. அங்கே வாழ்ந்த நபாத்தியர்கள் அந்த ஆபத்தை நன்கு அறிந்திருந்தார்கள். இடுக்கின் வாயிலில் அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்தப் பொறியியலை, உள்ளே உள்ள புகழ்பெற்ற சிற்ப முகப்புக்கு நிகராகவே நான் மதிக்கிறேன். காலப்போக்கில் அந்த ஏற்பாடு சிதைந்து கிடந்த நிலையில், 1963 ஏப்ரலில் வந்த வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் அதே இடுக்கில் இறந்தார்கள். அதன் பிறகே அணை மீண்டும் கட்டப்பட்டது. தங்கள் தம்பி சிக்கினுள் நுழையுமுன் வாயிலில் சற்று நின்று, வலப்பக்கம் உள்ள அந்த அணையையும் சுரங்கத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து நாகலாபுரம் மலை ஓடைகளிலும் தடா அருவிக்கும் நடந்து போக ஆசைப்படுகிறோம். அங்கும் இதே ஆபத்து உண்டா?
*– ஒரு மாணவர், சத்தியவேடு*

உண்டு, வேறு வடிவில். நம் ஓடைகள் பாலைவனப் பிளவுகளைவிட அகலமானவை. கரையேற இடம் கிடைக்கும். ஆனால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலை முகட்டில் கொட்டும் மழை, பாறைச் சரிவில் நிற்காமல் இறங்கி, முழங்கால் அளவு நீரோடையைக் காட்டாறாக்கிவிடும். காலையில் நீங்கள் எளிதாகத் தாண்டிய துறையை மாலையில் தாண்ட முடியாமல் போகும். அத்தகைய நேரத்தில் இருட்டினாலும் இந்தக் கரையிலேயே உட்கார்ந்து நீர் வடியும்வரை காத்திருப்பதே அறிவு. கைகோத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து மடுக்கள். குவார்ட்சைட் பாறையில் நீர் குடைந்த மடுவின் விளிம்பு வழுவழுப்பாகவும் பாசி படிந்தும் இருக்கும். உள்ளே ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அடியில் பெயர்ந்து விழுந்த பாளங்கள் கூர்முனையுடன் கிடக்கும். மேலிருந்து குதிக்கவே கூடாது. நீந்தத் தெரிந்தவர்களும் இறங்கி அளந்து பார்த்த பிறகே நீந்த வேண்டும். காட்டுப் பகுதி என்பதால் வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே கேட்டறியுங்கள். அனுமதி இல்லாத காலத்தில் குறுக்குவழி காட்டித் தருகிறேன் என்று வருபவரை நம்பிப் போக வேண்டாம்.

திருமலையில் உள்ள சிலாதோரணம் மனிதர் செதுக்கியதா, இயற்கையா?
*– ஒரு வாசகி, சித்தூர்*

முழுக்க இயற்கையானது. சுமார் 26 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அந்த வளைவு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையால் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடுக்குப் பாறையில் வலுவற்ற பகுதி முதலில் கரைந்து உதிர, வலுவான பகுதி வளைவாக மிஞ்சியிருக்கிறது. இத்தகைய வளைவுகள் 2,000-க்கு மேல் உள்ள யூட்டாவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவிலும் அவை நிரந்தரம் அல்ல. 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் என்னும் பெரிய வளைவு ஓர் இரவில் தானாகவே இடிந்து விழுந்தது. வேலியைத் தாண்டி ஏறிப் படம் எடுப்பவர்களிடம் நான் கடுமையாகவே பேசுவது இதனால்தான்.

மலைப்பாதையில் போகும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பாதையோரச் சரிவில் ஓரிடத்தில், கீழே பருமணிகள் கொண்ட கருங்கல் வகைப் பாறையும் அதன் மேல் அடுக்கடுக்கான குவார்ட்சைட்டும் சேரும் கோடு தெரியும். ஒரு விரல் வைத்தால் மறைந்துவிடும் அந்தக் கோட்டுக்குக் கீழும் மேலும் உள்ள பாறைகளுக்கிடையே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி. அதுவும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமே. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அதைக் கடந்து போகிறார்கள். பேருந்தின் சன்னலோரம் இருக்கும் பிள்ளைகளுக்காவது அதைக் காட்டுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் குன்றுகளின் மேல் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. யார் தூக்கி வைத்தது?
*– ஒரு வாசகர், குப்பம்*

யாரும் தூக்கி வைக்கவில்லை. அவை பூமிக்கு அடியிலேயே உருண்டையானவை. கருங்கல்லில் உள்ள விரிசல்களில் நீர் இறங்கி, மூலைகளை மெல்ல மக்கவைத்து, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரித்துவிடுகிறது. மேல்மண் கழுவப்பட்டதும் நடுக்கல் மட்டும் வெளியே தெரிகிறது. மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கும் பெரிய உருண்டைப் பாறையும் இதே வகை. கல்குவாரிகளால் நம் பகுதியில் இவை குறைந்துவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வெளிநாடு போக வசதி இல்லை. கேன்யன் என்று சொல்லத் தகுந்த ஒன்றை அருகில் எங்கே பார்க்கலாம்? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
*– ஒரு வாசகர், திருத்தணி*

கண்டிக்கோட்டைக்குப் போங்கள். கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துச் சென்ற பள்ளத்தாக்கின் விளிம்பில் அந்தக் கோட்டை நிற்கிறது. இது அகலமான பள்ளத்தாக்கு, பிளவு அன்று. ஆனால் செம்பாறைச் சுவர்களில் கிடைமட்ட அடுக்குகளும் செங்குத்து விரிசல்களும் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்வதைப் பார்த்தால், பாளங்கள் எப்படிப் பெயர்கின்றன என்று நான் மேலே சொன்னது விளங்கிவிடும். விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. பாளங்கள் தளர்ந்தும் இருக்கும். ஓரத்தில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். மறுநாள் பேலம் குகைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். சுண்ணாம்புக் கல்லை நிலத்தடி நீர் கரைத்து உண்டான அக்குகை 3,229 மீட்டர் நீளமுள்ளது. அதில் சுமார் 1.5 கிலோமீட்டர் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.

எடுத்துப் போவதில் முதலிடம் தண்ணீருக்கு. வெயிலில் நாள் முழுதும் நடக்க ஒருவருக்கு நான்கு லிட்டராவது வேண்டும்; மார்ச் முதல் ஜூன் வரை கண்டிக்கோட்டைப் பாறை நெருப்பாய்ச் சுடும் என்பதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவதே நல்லது. பாதத்தைப் பிடித்து நிற்கும் காலணி, தொப்பி, உப்பு சேர்ந்த சிற்றுண்டி, டார்ச் ஆகியவை போதும். விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை.

எங்கே போகிறீர்கள், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மட்டும் கட்டாயம். 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் என்பவர் யூட்டாவின் புளூஜான் கேன்யனில் தனியாக இறங்கும்போது, பெயர்ந்த பாறை ஒன்று அவர் வலக்கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாததால், ஐந்து நாட்களுக்குப் பிறகு தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டுதான் உயிர் பிழைத்தார். அவர் நல்ல பயிற்சி பெற்ற மலையேறி. நம் மலைகளில் செல்போன் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் ஏராளம் என்பதால், அந்தத் தாளில் உடன் வருபவர்களின் பெயரையும், எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.