கலவையில் ஒரு வாளித் தண்ணீர்

வணக்கம் சார். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டு சைட்டில் டிரெய்னியாக இருக்கிறேன். போன வாரம் பீமுக்குக் கான்கிரீட் போடும்போது, கலவை கெட்டியாக இருக்கிறது என்று மிக்சரில் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். வேண்டாம் என்றேன். "நான் இருபது வருஷமா ரூஃப் போடுறேன் தம்பி, எதுவும் விழல" என்றார் மேஸ்திரி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சைட்டில் நிற்கும் என்னைப் போன்றவர்கள் அடிப்படையாக எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு டிரெய்னி, மடிப்பாக்கம்

அன்புள்ள தம்பி,

அந்த வாளியிலிருந்தே தொடங்கலாம். தண்ணீரை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்று தெரிந்துவிட்டால் வீடு கட்டும் வேலையில் பாதி தெரிந்த மாதிரி. சென்னையில் பாதிக்கும் மேலே.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினை புரிந்து இறுகுகிறது. அதற்கு சிமெண்ட் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் போதும். கலவை கம்பிகளுக்கு நடுவே இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் கூடுதலாக ஊற்றுகிறோம். சிமெண்ட், மணல், ஜல்லியைக் குறித்த விகிதத்தில் அளந்து போடும் எம்20 தரக் கான்கிரீட்டுக்கு, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. மணலில் இருக்கிற ஈரமும் அந்தக் கணக்கில் சேரும். அதற்கு மேல் ஊற்றியது பின்னால் ஆவியாகிப் போய்விடும், போன இடமெல்லாம் நுண்துளை. பலம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் துளை வழியாக ஈரமும் உப்பும் கம்பி வரைக்கும் போகும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

மேஸ்திரி பொய் சொல்லவில்லை. ரூஃப் உடனே விழாது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துரு பிடிக்காமல் காக்கும். உப்பு உள்ளே போனால் அந்தக் காப்பு உடையும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடும். கடற்கரைப் பக்கத்துப் பழைய அடுக்குமாடிகளில் பால்கனிக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், புரியும். கட்டியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். கடன் வாங்கி வீடு வாங்கியவர்தான் இன்று செலவு செய்கிறார்.

ஆனால் "ஊற்றாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சட்டி சுமந்து கலவையை இறக்குவது அவர்கள்தானே. வெயிலில் கிடந்த ஜல்லி கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும், அதை முன்னாலேயே நனைத்து வையுங்கள். கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர் ஓடுகிறதா என்று காலையிலேயே பாருங்கள். இன்ஜினியரிடம் சொல்லி பிளாஸ்டிசைசர், அதாவது தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து, வாங்கி வையுங்கள். வேலை சுலபமானால் வாளி தானாக நின்றுவிடும்.

அந்த பீம் விஷயத்தை இன்ஜினியரிடம் மறைக்காதீர்கள். அன்றைய கலவையில் சோதனைக்கு கியூப் (கனசதுரக் கட்டி) எடுத்திருந்தால் அதை உடைத்துப் பார்க்கும் 28 நாள் முடிவு சொல்லும். இல்லையென்றால் கான்கிரீட்டைத் தட்டி அதன் கடினத்தைக் காட்டும் ரீபவுண்ட் ஹாமர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதோடு எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தென்சென்னையில் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர். கம்பி போடும் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் எல்லை. லேபில் கொடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கியூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. கலக்கும்போது தாராளமாக ஊற்றுகிற நாம், ஊற்றியே ஆகவேண்டிய இடத்தில் கஞ்சத்தனம் காட்டுகிறோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். பிபிசி (போர்ட்லாண்ட் போசலானா) என்ற கலப்பு சிமெண்ட் என்றால் சென்னை வெயிலுக்கு 14 நாள் ஈரம் காயக்கூடாது. ரூஃபுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றுங்கள். காலையில் ஒரு தடவை ஹோஸ் பிடித்துவிட்டுப் போவது கியூரிங் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் வேண்டும்.

கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் செருகுவதை அனுமதிக்காதீர்கள். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்புறத்துக்கும் இடைவெளி விடும் கவர் பிளாக் வையுங்கள், தூணுக்கு 40 மில்லிமீட்டர், அஸ்திவார ஃபுட்டிங்கிற்கு 50.

வேளச்சேரி, பள்ளிக்கரணை வட்டாரத்தில் பல இடங்களில் களிமண். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும், அஸ்திவாரத்தையும் ஆட்டும். மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பேஸ்மென்ட் உயரத்தை, அதாவது வீட்டுத் தரை மட்டத்தை, இன்றைய ரோட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய விடாதீர்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் அது உயர்ந்துகொண்டே போகிறது. 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு, அதற்கு மேலே வையுங்கள்.

தூக்குகுண்டு பிடிப்பது, டியூப் லெவலில் மட்டம் மாற்றுவது, 3-4-5 அளவு முக்கோணம் வைத்து நேர்கோண மூலை பிடிப்பது எல்லாவற்றையும் அந்த மேஸ்திரியிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இருபது வருஷக் கை அது. உங்கள் சைட்டில் கியூப் அச்சு இருக்கிறதா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.